நீலக் குழாயில் துண்டு போட்டவர்

புகார்க் கடிதத்தில் பதினொரு எழுத்துப் பிழைகள் இருந்தன. புரூஃப் மேடம் ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வளைத்துவிட்டார். பன்னிரண்டாவதாக ஒன்று இருக்கிறது, அது எழுத்தில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி அது உறுத்தியது. உறுத்த உறுத்த அவருக்குக் கோபம் ஏறியது.

"அண்ணி, மெதுவா. பேனா காகிதத்தைக் கிழிச்சிடும் போல. நம்ம கையில இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கடுதாசிதான்."

சொன்னவன் அவருடைய கொழுந்தன். பதினாறு வருடம் பேருந்தில் சீட்டு கிழித்தவன். வேலை போய் மூன்று வருடம் ஆகியும் ஊர் அவனைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். புரூஃப் மேடத்துக்கும் அப்படித்தான் பேர் வந்தது. அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பக்கத்தில் முதலாளி தானாக ஒரு வரியைச் செருகினார்; அந்த வரி வம்பானதும் பழியை இவர் தலையில் கட்டி வெளியே அனுப்பினார். அன்று முதல் அடுத்தவர் செய்த பிழைகளைத் தேடிப் பிடிப்பதே இவருடைய தொழில். ஆதாரத்துக்கும் புரூஃப் என்று பேர் இருந்தது வசதியாகப் போயிற்று.

ஆய்வுக்கூடத்தின் நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவர்க் கடிகாரம் இரண்டே கால் காட்டியது. நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடும். கூடினால் கையெழுத்து. கையெழுத்தானால் பதினெட்டு வருடம் இங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு வேலை போகும், திருட்டுப் பட்டத்தோடு போலீஸ் வண்டியில் ஏறவும் வேண்டியிருக்கும். காலையில் அவளுடைய கணவர், தையல்காரர், கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து சொன்னதில் இவ்வளவுதான் புரிந்தது.

"திரும்ப ஒரு தடவை படிங்க அண்ணி."

புரூஃப் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

"மேற்படி ஊழியர், பதினொரு மாத உழைப்பில் உருவான புரதத்தைக் குழாயிலிருந்து இறக்கி ஒளித்துவிட்டு, சேகரிப்புக் குழல்களில் வெறும் உப்புநீரை நிரப்பி வைத்தார். தடயம் தெரியாதிருக்க, கழிவுக் குப்பியையும் காலி செய்து அப்புறப்படுத்தினார்."

"எழுதினது யாரு?"

"தலைமை விஞ்ஞானி. காலைல ஒம்பது மணிக்கே கொடுத்திருக்கார். சுவத்துலயும் ஒரு நகல் ஒட்டியிருக்காங்க."

"ஒம்பது மணிக்கு இவ்வளவு நீளக் கடுதாசியா? எனக்கெல்லாம் ஒம்பது மணிக்கு என் பேரே ஞாபகம் வராது."

புரூஃப் மேடம் சிரிக்கவில்லை. எழுந்து நடந்தார்.

*

குற்றவாளியை உடை மாற்றும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, கைகளைக் கட்டிக்கொண்டு இரும்பு அலமாரியை முறைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்து வந்த புரூஃப் மேடத்துக்கு அந்த முறைப்பு பிடித்துப்போயிற்று.

இங்கே எல்லாரும் அவளைச் சொட்டக்கா என்பார்கள். குழாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டையும் எண்ணுகிறவள்.

"நீங்களும் 'எங்கம்மா ஒளிச்சு வெச்சே'ன்னு கேக்கத்தான் வந்தீங்களா?"

"இல்ல. என்ன வேலை செய்றீங்கன்னு கேக்க வந்தேன். எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

சொட்டக்கா ஒரு நிமிடம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள்.

"உயிரணுவை உடைச்சா ஒரு சாறு வரும். அதுல ஆயிரக்கணக்கான புரதம் கலந்து கிடக்கும். நமக்கு வேணுங்கிறது ஒண்ணே ஒண்ணு. பச்சக் குழந்தைங்களுக்கு மருந்தாகப் போறது. அதுக்கு மட்டும் ஒரு வால் வெச்சு வளர்த்திருக்கோம். குழாய்ல நிக்கல் ஏத்தின மணிங்க இருக்கு, கடுகைவிடப் பொடிசா, நீலமா. மேல சாறை ஊத்தினா, வால் இருக்கிறது மட்டும் நிக்கலைப் பிடிச்சுக்கும். மத்ததெல்லாம் கீழ வடிஞ்சிடும். அதான் கழிவு. அப்புறம், சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கிறதைக் கழுவி விடுவேன். கடைசியா இமிடசோல்னு ஒரு வெள்ளைப் பொடியைக் கரைச்சு ஊத்துவேன். அது போய் நிக்கலைப் பிடிச்சுக்கும். இடம் போனதும் நம்ம புரதம் இறங்கித்தான் ஆகணும். அந்தச் சொட்டுதான் சுத்தமான சரக்கு."

"அட, நம்ம பஸ்ஸு!" என்றான் கண்டக்டர். "பாஸ் இருக்கிறவனுக்கு மட்டும் சீட்டு. மத்தவன் முன்வாசல்ல ஏறிப் பின்வாசல்ல இறங்கிடுவான். கடைசி ஸ்டாப்புல வேற கூட்டத்தை ஏத்திவிட்டு 'எறங்கு, எறங்கு'ன்னா பாஸ்காரன் மொத்தமா எறங்குவான். அதானேக்கா?"

சொட்டக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "கிட்டத்தட்ட."

"நேத்து என்ன ஆச்சு?" என்றார் புரூஃப் மேடம்.

"கடைசி ஸ்டாப்புல ஒருத்தருமே இறங்கலை." இப்போது அவள் குரல் உடைந்தது, அழுகையில் அல்ல, ஆத்திரத்தில். "நாப்பது குழல்ல பிடிச்சேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு எடுத்துச் சாயத்துல விட்டேன். புரதம் இருந்தா பழுப்புச் சாயம் நீலமாகும். ஒண்ணுகூட ஆகலை. அதே குழாய், போன வாரம் நல்லாப் பிடிச்சுது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் தலைமை விஞ்ஞானிகிட்ட சொன்னேன். கழிவைச் சோதிச்சுப் பாத்துடறேன் சார்னேன். 'நாளைக்குப் பாத்துக்கலாம், வீட்டுக்குப் போங்க'ன்னார். காலைல வந்தா வாசல்லயே நிறுத்திட்டாங்க. நானே கழிவை ஊத்திட்டேனாம்!"

"ஊத்தலையா?"

சொட்டக்கா எழுந்துவிட்டாள். "பதினெட்டு வருஷமா சாயம் நீலமாகிற வரைக்கும் ஒரு துளியை நான் கீழ ஊத்தினது கிடையாது! மத்தவங்க கழிவையும் கழுவினதையும் ஒரே குப்பியில பிடிப்பாங்க. நான் ரெண்டையும் தனித்தனியாப் பிடிச்சு, தனித்தனியாப் பேர் எழுதி, குளிரறையில வெப்பேன். கேட்டுப் பாருங்க இவங்களை!"

"நேத்து சாறை ஊத்தறதுக்கு முன்னால அதை யாராவது தொட்டாங்களா?"

"சாறு ஒரு மணி நேரம் பனிக்கட்டியில இருந்துது. நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தப்போ தலைமை விஞ்ஞானி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார். ரெண்டு வருஷத்துல முதல் தடவையா மேஜைப் பக்கம் வந்திருக்காரேன்னு சந்தோஷப்பட்டேன்." அவள் சட்டென்று நிறுத்தினாள். "முட்டாள்தனமா சந்தோஷப்பட்டேன்."

*

தலைமை விஞ்ஞானியின் வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை. கஞ்சி போட்டு மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, புரூஃப் மேடத்தின் கையிலிருந்த கடிதத்தையும் அதன் சிவப்பு வட்டங்களையும் பார்த்தார்.

"எழுத்துப் பிழை திருத்தத்தான் வந்தீங்களா மேடம்? ரொம்ப நன்றி. ஆனா இது விஞ்ஞானம்."

"விஞ்ஞானத்துக்கு ஒற்றெழுத்து கிடையாதா சார்?" என்றான் கண்டக்டர்.

"இந்த ஆளை வெளிய நிக்கச் சொல்லுங்க."

"நிப்பான்," என்றார் புரூஃப் மேடம். "ஒரே ஒரு கேள்வி. கழிவுக் குப்பி காலின்னு எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா?"

"காலைல குளிரறையில எட்டிப் பாத்தேன். கழிவைக் காணோம். கழுவின தண்ணி மட்டும்தான் இருக்கு. அவதான் ஊத்தியிருக்கணும். எவ்வளவு கொழுப்பு பாருங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்கு நாம சம்பளம் கொடுத்து..."

"பதினெட்டு வருஷம்."

"என்ன?"

"'இந்த மாதிரி ஆள்' உங்களுக்குச் சொட்டு எண்ணிக் கொடுத்தது பதினெட்டு வருஷம்னேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த இடைவெளியில் புரூஃப் மேடம் அறையைப் பக்கம் பக்கமாகப் படித்தார். சுவரில் ஆறு ஆணிகள், ஒன்றில்கூடச் சட்டம் இல்லை. ஆணிகளுக்குக் கீழே வெயில் படாத வெளிர் சதுரங்கள். புத்தக அலமாரியில் கடைசித் தட்டில் மட்டும் சில புத்தகங்கள், பல் விழுந்த வாய் போல. மேஜைக்கு அடியில், அவர் காலுக்குப் பக்கத்தில், நாடா ஒட்டி மூடிய தெர்மாகோல் பெட்டி. அதன் ஓரத்தில் தரை ஈரமாக இருந்தது.

வெளியே வந்ததும் கண்டக்டர் கிசுகிசுத்தான். "ஆள் வேற வேலைக்குக் கிளம்பறார் அண்ணி. டீ கொண்டுவந்த அம்மாகிட்ட விசாரிச்சேன். அடுத்த மாசம் ஏதோ பெரிய கம்பெனியாம்."

"போறவர் வெறுங்கையோட போவாரா?"

"நான் டிப்போவை விட்டு வந்தப்போ விசிலை எடுத்துட்டு வந்தேன். எல்லாருக்கும் ஒரு ஞாபகார்த்தம் வேணுமில்ல?"

"நீ இங்கயே நில்லு. அந்தப் பெட்டி இந்த அறையை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தா?"

"விசில் அடிப்பேன்."

*

குளிரறைச் சாவி ஸ்டோர்கீப்பரின் இடுப்பில் தொங்கியது. கனத்த மனிதர், கனத்த மூச்சு. இரண்டு கதவுகளைத் திறந்து உள்ளே போனதும் மூச்சு வெள்ளையாக வந்தது. வெளியே கொளுத்தும் பிற்பகல். இங்கே யாரோ தூரதேசத்துக் கதையிலிருந்து பனிக்காலத்தின் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து பூட்டி வைத்தது போல் இருந்தது. புரூஃப் மேடத்தின் கோபத்துக்கு அந்தக் குளிர் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

"என்மேலயும் சந்தேகப்படுவாங்கம்மா," என்றார் ஸ்டோர்கீப்பர். "சாவி என்கிட்டதானே இருக்கு."

"நேத்து ராத்திரி சாவியை வேற யாரு வாங்கினாங்க?"

"யாரும் வாங்கலை. ஆனா பெரியவர்கிட்ட, அதான் தலைமை விஞ்ஞானிகிட்ட, எல்லா அறைக்கும் சாவி உண்டு."

நீலக் குழாய் ஒரு தாங்கியில் நின்றது. குழந்தையின் கை நீளம், கெட்டியான வானம் மாதிரி நிறம். களங்கமில்லை. யாரும் எதையும் செய்யாத முகத்தோடு நின்றது.

"இமிடசோல் எங்க இருக்கு?"

ஸ்டோர்கீப்பர் வெளி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஆட்டினார். அடியில் கொஞ்சம் சலசலத்தது. "திங்கக்கிழமைதான்மா புதுசு உடைச்சேன். இது ஆறு மாசம் வரும். அந்த அக்கா கரண்டியைத் தட்டித் தட்டி எடுக்கும். எந்தக் கடன்காரன் இப்படி வாரி எடுத்தான்னு தெரியல."

புரூஃப் மேடம் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி நிறுத்தத்தில் ஊற்ற வேண்டிய பொடி. அதை யாராவது முதல் நிறுத்தத்திலேயே, சாறு பனிக்கட்டியில் இருந்தபோதே கொட்டிக் கரைத்திருந்தால்? பாஸ்காரன் ஏறும்போது எல்லாச் சீட்டிலும் ஏற்கெனவே துண்டு. நிற்க இடமில்லாமல், கும்பலோடு கும்பலாகப் பின்வாசல் வழியே இறங்கிப் போயிருப்பான். குழாய் நீலமாகவே இருக்கும். பிறகு கழுவினால் பொடியும் போய்விடும். குழல்கள் காலி. தடயம் ஒன்றுமில்லை.

அப்படியானால் யாரும் புரதத்தைக் குழாயிலிருந்து இறக்கவே இல்லை. அது கழிவில் இருக்கிறது.

கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பவும் பார்த்தார். 'தடயம் தெரியாதிருக்க, கழிவுக் குப்பியையும்...' குழல்களிலிருந்து திருடியவள் எதற்காகக் கழிவைக் கொட்ட வேண்டும்? கழிவில் அவளுக்கு என்ன பயம்? கழிவு முக்கியம் என்று தெரிந்தவன் எழுதிய வரி இது. பன்னிரண்டாவது பிழை அகப்பட்டுவிட்டது.

ஆனால் கழிவைத் திருடியிருந்தால் ஆதாரமும் அதோடு போயிருக்கும். புரூஃப் மேடம் குளிரறைத் தட்டுகளின் பக்கம் திரும்பினார்.

"இங்க எத்தனை குப்பி இருக்கணும்?"

"ரெண்டும்மா. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

அடர்பழுப்புக் கண்ணாடிக் குப்பி. உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. வெளியே குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் பூத்திருந்தது. ஈரத்தின் மேலேயே மையால் எழுதிய பேர். எழுத்து கசிந்து, பரவி, பாதி அழிந்திருந்தது. 'கழ', பிறகு 'வு'. நடு எழுத்தின் மேல்பக்கம் விரல் பட்டு இழுபட்டிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

ஸ்டோர்கீப்பர் கண்ணைச் சுருக்கினார். "கழுவு."

"சரியாப் பாருங்க."

"கழுவுதாம்மா. இல்ல... கழிவா?"

புரூஃப் மேடம் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இருபத்திரண்டு வருடம் அதன் வழியாகப் பார்த்து ஒரு கண் சற்றுச் சிறுத்திருந்தது. 'ழு'வாக இருந்தால் எழுத்தின் அடியில் ஒரு சுற்று வேண்டும். இதில் கால் நேராக இறங்கி நின்றுவிட்டது. மேலே, இழுபட்ட மைக்கு நடுவில், கொசுவின் கால் அளவுக்கு ஒரு வளைவு. ஒரு சுழியின் மிச்சம்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அன்று முதல் தடவையாக. ஆனால் அதுவும் கோபமான சிரிப்புதான்.

"அட படிச்ச முட்டாளே," என்றார்.

*

நான்கு மணி. நீண்ட மேஜை. குழுத் தலைவி நடுவில், இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். தலைவி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். சொட்டக்கா ஓரத்தில் நின்றாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. அதைப் பார்த்ததும் புரூஃப் மேடம் தன் நாற்காலியை இழுத்து அவளிடம் தள்ளிவிட்டு நின்றுகொண்டார்.

பழுப்புக் குப்பியை மேஜைமேல் வைத்தார்.

"சார், குளிரறையில மிச்சமிருந்த குப்பி இது. இதைக் கொட்டிடலாமா?"

தலைமை விஞ்ஞானி தோளைக் குலுக்கினார். "தாராளமா. வெறும் கழுவின தண்ணி."

"நிச்சயமா?"

"எழுதியிருக்கே. கழுவு."

"அம்மா, நீங்க ஒரு தடவை படிங்க."

தலைவி குப்பியைத் தூக்கிப் பார்த்தார். "மை கரைஞ்சிருக்கு. எனக்குக் கழவுன்னு தெரியுது. அப்படி ஒரு வார்த்தை இல்லையே."

"இல்ல. ஆனா சார் ஒரு நொடிகூட யோசிக்காம படிச்சார்." புரூஃப் மேடம் திரும்பினார். "அக்கா, ஒரு சொட்டு."

சொட்டக்கா எழுந்தாள். கையில் சாயக் குழல், பழுப்பு நிறம். குப்பியிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு கலங்கி, கறுத்து, நீலமாயிற்று. அடர்ந்த நீலம்.

"கழுவின தண்ணி இவ்வளவு நீலமாகாது," என்றாள் சொட்டக்கா. அவள் குரல் மிக மெதுவாக இருந்தது. "இது கழிவு. நான் வெச்ச கழிவு. ஊத்தலை!"

தலைமை விஞ்ஞானியின் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனால் சமாளித்துக்கொண்டார். "சரி, கழிவுதான். நான் தப்பாப் படிச்சிட்டேன். அதனால என்ன? கழிவுல ஆயிரம் குப்பைப் புரதம் இருக்கும், நீலமாகத்தான் செய்யும். திருடினது இல்லைன்னு ஆயிடுமா?"

தலைவி பேனாவை எடுத்தார். "அவர் சொல்றதும் சரிதானே?"

"சரிதான்மா. அதனாலதான் அரை மணி நேரம் கேக்கறேன். எப்படியும் கொட்டப்போற குப்பைதானே. அதுல ஒரு கரண்டி இந்த அக்கா எடுத்துக்கிட்டா யாருக்கு என்ன நஷ்டம்? சாரே தாராளமான்னு சொல்லிட்டார்."

தலைவி கடிகாரத்தைப் பார்த்து, பிறகு சொட்டக்காவைப் பார்த்து, தலையசைத்தார்.

சொட்டக்கா மேஜையிலேயே வேலையை ஆரம்பித்தாள். ஊசிக்குழல் அளவுக்கு ஒரு சின்னக் குழாய், அதில் விரற்கடை நீல மணிகள். கழிவில் கொஞ்சம் எடுத்து, இருபது மடங்கு உப்புநீர் ஊற்றிக் கலந்தாள்.

"எதுக்கு அவ்வளவு தண்ணி?" என்றார் தலைவி.

"ஸ்டோர்ல புது டப்பா காலியாக் கிடக்குன்னு இந்தம்மா பாத்துட்டு வந்தாங்க. யாரோ இதுல இமிடசோலை அள்ளிக் கொட்டியிருக்காங்க. அது இருந்தா புரதத்தால உக்கார முடியாது. தண்ணி ஊத்தினா கூட்டம் குறையும்." நிமிர்ந்து தலைமை விஞ்ஞானியைப் பார்த்தாள். "சீட்டுல போட்ட துண்டையெல்லாம் எடுத்து வெளிய வீசறேன்."

கலவை நீல மணிகள் வழியாக இறங்கியது. சொட்டு. சொட்டு. கழுவினாள். சொட்டு. அந்தச் சின்னக் குழாயின் நுனியில் ஒவ்வொரு துளியும் கண்ணாடி விளக்கு போலத் தொங்கி, தயங்கி, விழுந்தது. கழுவிய துளிகள் முதலில் சாயத்தைக் கொஞ்சம் நீலமாக்கின. பிறகு லேசாக. பிறகு சாயம் பழுப்பாகவே நின்றது. குப்பையெல்லாம் இறங்கிப் போயிற்று.

கடைசியாக இமிடசோல் கரைசலை மேலே விட்டாள். முதல் துளி சாயத்தில் விழுந்தது. பழுப்பு. இரண்டாவது. பழுப்பு. தலைமை விஞ்ஞானி மூச்சை விட்டார்.

மூன்றாவது துளி விழுந்ததும் குழல் முழுக்க மை கொட்டியது போல நீலமாயிற்று.

"இறங்கிட்டான்," என்றாள் சொட்டக்கா. நான்காவது துளியைச் சிந்தாமல் பிடித்தாள்.

"அம்மா," என்றார் புரூஃப் மேடம் தலைவியிடம், "யாரும் குழல்ல இருந்து எதையும் திருடலை. புரதம் குழாய்ல ஒட்டவே இல்ல, ஒட்டவிடலை. முழுசும் கழிவோட போச்சு. இது தெரிஞ்ச ஒருத்தர் நேத்து சாயங்காலம் இந்த அக்காவை வீட்டுக்கு அனுப்பிட்டு, கழிவை எடுக்கக் குளிரறைக்குப் போனார். போய் எடுத்தார். காலைல 'கழிவு போயிடுச்சு'ன்னு புகார் எழுதினார். ஆனா கழிவு போகலையே. இதோ நம்ம மேஜை மேல இருக்கு. இந்தக் கட்டடத்துலயே கழிவு போயிடுச்சுன்னு மனசார நம்பினவர் ஒரே ஒருத்தர்தான். ஏன்னா, தான் எடுத்தது கழிவுன்னு நினைச்சுக்கிட்டார்."

தலைமை விஞ்ஞானியின் கண்கள் ஒரு கணம் கதவுப் பக்கம், தன் அறை இருந்த திசையில் ஓடின. அதே கணத்தில் வெளியே நீளமாக ஒரு விசில் கேட்டது.

கண்டக்டர் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் தெர்மாகோல் பெட்டி. பின்னால் தலைமை விஞ்ஞானியின் டிரைவர், முகம் வெளுத்து.

"காருல ஏத்தச் சொன்னாராம் அண்ணி. லக்கேஜுக்கு டிக்கெட் எடுக்கலை, அதான் நிறுத்திட்டேன்."

"திறங்க," என்றார் தலைவி டிரைவரிடம்.

நாடா கிழிந்தது. பாதி உருகிய பனிக்கட்டிக்கு நடுவில் ஒரு பழுப்புக் குப்பி. அதிலும் மை கசிந்திருந்தது. ஆனால் நடு எழுத்தின் அடியில் சுற்று தெளிவாகத் தெரிந்தது. சொட்டக்கா அதிலிருந்து ஒரு சொட்டைப் புதுச் சாயத்தில் விட்டாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நீலம் பிடித்தும் பிடிக்காமலும், பழுப்பாகவே கிடந்தது.

"கழுவு," என்று படித்தார் தலைவி.

"பதினொரு மாச உழைப்புன்னு பனிக்கட்டியில வெச்சு ராத்திரியெல்லாம் காவல் காத்திருக்கீங்க சார்," என்றான் கண்டக்டர். "பாத்திரம் கழுவின தண்ணியை."

தலைமை விஞ்ஞானி அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டதைவிட ஏமாந்ததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது போலிருந்தது. "அவ கையெழுத்து அப்படி," என்றார் கடைசியில். "ஒழுங்கா எழுதத் தெரியாதவ..."

புரூஃப் மேடத்தின் கை மேஜைமேல் விழுந்தது. சாயக் குழல்கள் குலுங்கின.

"அவங்க கையெழுத்து பதினெட்டு வருஷமா இந்தக் குப்பிங்க மேல இருக்கு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் மேஜைப் பக்கம் வந்து பாத்திருந்தா உங்களுக்குப் பழகியிருக்கும். கழிவு எது, கழுவினது எதுன்னு தெரியாதவர் இவங்களைத் திருடின்னு எழுதறீங்க! அதுவும் பதினொரு பிழையோட!"

தலைவி புகார்க் கடிதத்தை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதியிட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக் காவல் நிலையத்துக்குச் சொன்னார், கூட்டிப்போக வேண்டிய ஆள் மாறிவிட்டார் என்று.

"உங்ககிட்ட நாங்க மன்னிப்புக் கேக்கணும்," என்றார் சொட்டக்காவிடம். "இன்னைக்கு வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. நாளைக்கு..."

"மன்னிப்பைக் காகிதத்துல எழுதிக் கொடுங்க," என்றாள் சொட்டக்கா. "எந்தச் சுவத்துல இந்தப் புகாரை ஒட்டினீங்களோ அதே சுவத்துல ஒட்டுங்க. நாளைக்கெல்லாம் முடியாது. நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னாங்க. வீட்டுக்கும் போகமாட்டேன். இது ஒரு நாள் பூரா குப்பையோட கிடந்திருக்கு. இப்பவே திரும்பப் பெரிய குழாய்ல ஏத்தலைன்னா கெட்டுப்போயிடும். கோபத்தை அப்புறம் வெச்சுக்கறேன்."

ஆனால் கோபம் எங்கேயும் போகவில்லை. அது அவள் கையில்தான் இருந்தது. கோட்டு முனையால் கழிவுக் குப்பியின் ஈரத்தை அழுந்தத் துடைத்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை, கண்ணாடி கீச்சிடும்வரை. மைப்பேனாவைத் திறந்தாள். பெரிய எழுத்தில், ஒவ்வொரு கொம்பையும் காலையும் நிறுத்தி நிதானமாகப் போட்டு, ஒரு வார்த்தை எழுதினாள். எழுதிவிட்டுக் குப்பியைப் புரூஃப் மேடத்தின் பக்கம் திருப்பினாள்.

"பாத்துச் சொல்லுங்கம்மா. பிழை இருக்கா?"

புரூஃப் மேடம் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை. மேஜையின் மறு கோடியில் உட்கார்ந்திருந்தவருக்கும் அது தெளிவாகத் தெரிந்தது.

தொடாதே.

"இல்ல," என்றார் புரூஃப் மேடம். "சரியா இருக்கு."